காசுக்காக வந்தவர், கச்சேரிக்காகத் தங்கியவர்

இரண்டாம் வருகை – 11

சென்ற வாரம் லியனார்ட் கோஹனை மிக மோசமான ஒரு கட்டத்தில் நிறுத்தியிருந்தோம். 2004ஆம் ஆண்டின் இறுதி. வயது 70. ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததில் 50 லட்சம் டாலருக்கும் மேல் காணாமல் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டாலர். பல ஆண்டுகள் கூடவே இருந்து கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்ட மேலாளர் மீது வழக்குப் போட்டார். 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் அவருக்கு 90 லட்சம் டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு கையில் இருந்தது, பணம் வந்து சேரவில்லை.

பணத்தில் ஏமாறுவது அவருக்குப் புதிதல்ல. அவர் பெயரை உலகறியச் செய்த 'சுசான்' பாட்டின் உரிமையையே அறுபதுகளில் எதையோ படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பறிகொடுத்தவர். அப்போது வயது இருந்தது, மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்ற தெம்பு இருந்தது. எழுபதில் என்ன செய்வது? இசைத்தட்டு விற்பனை உலகமெங்கும் சரிந்துகொண்டிருந்த நேரம். பாடகனுக்குச் சோறு போடுவது மேடைதான் என்று ஆகிவிட்டிருந்தது. கோஹனோ 1993க்குப் பிறகு மேடைப் பயணம் போனதில்லை.

மேடை அவருக்கு என்றைக்குமே இனித்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மாண்ட்ரியாலில் கவிஞராக, நாவலாசிரியராகப் பெயர் எடுத்துவிட்டு, முப்பதைத் தாண்டிய பிறகு பாட வந்தவர் அவர். முதல் ஆல்பம் 1967 டிசம்பரில் வெளிவந்தபோது வயது 33. மேடை ஏறும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளி கரைந்தது. 1972இல் ஜெருசலேம் கச்சேரியில், பாட்டு சரியாக அமையவில்லை, இதற்கு மேல் பாடுவது உங்களை ஏமாற்றுவதாகும் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டுப் பாதியில் உள்ளே போய்விட்டார். போனவர் முகச்சவரம் செய்துகொண்டு திரும்பி வந்து பாடினார். ஆவணப்படம் ஒன்றில் அந்தக் காட்சி இருக்கிறது. 1993 பயணத்தின்போது மேடைக்குப் போகுமுன் பாட்டில் பாட்டிலாக ஒயின் குடித்தார். அந்தப் பயணம் முடிந்ததும்தான் லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய மலையில் இருந்த ஜென் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1996இல் துறவியாகத் தீட்சையும் பெற்றார்.

மடத்தை விட்டு 1999இல் இறங்கியவர் வந்த இடம் மும்பை. ரமேஷ் பல்சேகர் என்ற அத்வைத ஆசிரியரின் வீட்டுக் கூடத்தில் தினமும் காலையில் போய் உட்கார்ந்தார். பல்சேகர் வங்கியில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர், நிசர்கதத்த மகராஜின் பேச்சுகளை மொழிபெயர்த்தவர். 'செய்பவன் நான்' என்ற எண்ணத்தை விடு என்பதுதான் அந்தக் கூடத்தில் திரும்பத் திரும்பப் பேசப்பட்ட விஷயம். இளமை முதல் கூடவே வந்த மனச்சோர்வு அந்தக் காலத்தில் மெல்லக் கலைந்துவிட்டது என்று பின்னாளில் கோஹன் பேட்டிகளில் சொன்னார். காரணம் என்னவென்று உறுதியாகச் சொல்ல அவரே முன்வரவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் அடுத்து வந்த பேரிழப்பை ஏறக்குறைய நிதானத்தோடு எதிர்கொண்டவர், பழைய கோஹன் இல்லை.

மறுபடி மேடைக்கு அழைத்தவர் ராப் ஹாலட் என்ற லண்டன் கச்சேரி ஏற்பாட்டாளர். கோஹன் தயங்கினார். யார் வருவார்கள் என்பது ஒரு பயம், போய் அசிங்கப்பட்டுவிடுவோமோ என்பது இன்னொன்று. ஹாலட் ஒரு வழி சொன்னார்: வேண்டிய ஆட்களை வைத்து வேண்டிய மட்டும் ஒத்திகை பாருங்கள், செலவு என்னுடையது, முடிவில் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் கச்சேரியே வேண்டாம். கலைஞனின் மீது இவ்வளவு நம்பிக்கை வைக்கும் முதலாளி கிடைப்பது அபூர்வம். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஒத்திகை மாதக்கணக்கில் நடந்தது. இதை அவசரமாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. பழைய பாட்டுகள்தானே, நாற்பது வருடமாகப் பாடியதுதானே, இரண்டு வாரம் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏனென்றால் பாட்டு பழையதாக இருந்தாலும் குரல் புதியது. சிகரெட்டும் வயதும் சேர்ந்து அவர் குரலை அடிவயிற்றுக்கு இறக்கியிருந்தன. 1967இல் பாடிய குரலுக்கும் இதற்கும் நடுவே ஒரு முழு ஸ்தாயி இருக்கும்போல் ஒலிக்கும். மேலே எட்டாது, நீட்டிப் பிடிக்க மூச்சு நிற்காது. ஆனால் ஒரு சொல்லைச் சொன்னால் அது அரங்கின் கடைசி வரிசை வரை இறங்கும். அந்தக் குரலைச் சுற்றி ஒரு குழுவைக் கட்டுவதுதான் அந்த மாதங்களில் நடந்த வேலை. பழைய நண்பர் ரோஸ்கோ பெக் இசையை ஒருங்கிணைத்தார். நீல் லார்சன் ஹாமண்ட் ஆர்கனில் உட்கார்ந்தார். பார்சிலோனாவிலிருந்து ஹாவியர் மாஸ் பண்டூரியா, லாவூத் என்ற ஸ்பானிய நரம்புக் கருவிகளோடு வந்தார். கோஹனோடு சேர்ந்து பாட்டெழுதிய ஷாரன் ராபின்சனும், இங்கிலாந்தின் வெப் சகோதரிகள் சார்லியும் ஹாட்டியும் கூடப் பாட நின்றார்கள். தாழ்ந்த குரல் தரையில் நடக்க, மூன்று பெண் குரல்கள் மேலே போயின. குறையை மறைக்க ஓசையைக் கூட்டுவதுதான் வழக்கம். இங்கே எல்லோரும் ஓசையைக் குறைத்துக்கொண்டார்கள்.

2008 மே 11 அன்று முதல் கச்சேரி. நியூயார்க்கிலோ லண்டனிலோ அல்ல. கனடாவின் கிழக்கோரத்தில் ஃப்ரெடரிக்டன் என்ற சிறு நகரில், எழுநூறு பேர் உட்காரக்கூடிய அரங்கில். அங்கிருந்து கிழக்குக் கனடாவின் சின்னச் சின்ன ஊர்களாகப் பாடிக்கொண்டே போனார். பெரிய கூட்டத்தைச் சந்திக்குமுன் கால் ஊன்றிக்கொள்ள அவர்கள் போட்ட கணக்கு அது. கணக்கு பலித்தது. ஜூன் இறுதியில் கிளாஸ்டன்பரி திருவிழாவில், சூரியன் சாயும் நேரத்தில், பேரன் வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நின்று அவரோடு சேர்ந்து பாடினார்கள். ஜூலை 17 அன்று லண்டன் ஓ2 அரங்கம் நிறைந்தது. அமெரிக்காவுக்கு 2009 பிப்ரவரியில்தான் போனார். நியூயார்க் பீக்கன் தியேட்டரில் நடந்தது, 15 ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அந்நாட்டில் செய்த முதல் கச்சேரி.

லண்டன் கச்சேரியின் முழுப் பதிவும் இருக்கிறது. அதை நான் பார்க்கும்போதெல்லாம் பாட்டைவிட, பாடாத நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் கண் போகிறது. மேடை முழுக்கக் கம்பளம் விரித்திருக்கிறது. கறுப்பு கோட்டும் ஃபெடோரா தொப்பியுமாக மனிதர் மேடைக்கு ஏறக்குறைய ஓடியே வருகிறார். கடைசியாக இங்கே நின்றபோது தனக்கு அறுபது வயது, கனவோடு அலைந்த சின்னப் பையன் என்கிறார், அரங்கம் சிரிக்கிறது. ஹாவியர் மாஸ் தனியாக ஓர் ஆலாபனை போல நீள வாசிக்கும்போது, கோஹன் அவர் பக்கம் திரும்பித் தலை குனிந்து நிற்கிறார். எந்தக் கலைஞர் தனியாக வாசித்தாலும் தொப்பி கழன்று நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொருவர் பெயரையும் ஒரு கச்சேரியில் இரண்டு மூன்று முறையாவது சொல்லிக் கைதட்டு வாங்கித் தருகிறார். 'டவர் ஆஃப் சாங்' பாட்டில் சின்ன கீபோர்டில் ஒற்றை விரலால் நாலு ஸ்வரம் தட்டுகிறார், அதற்கும் அரங்கம் அதிர்கிறது. பாடிக்கொண்டே முழங்காலிட்டு, அந்த நிலையிலேயே ஓரடியைப் பாடி முடித்து, கை ஊன்றாமல் எழுகிறார். 73 வயது முழங்கால் அது. இதெல்லாம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், இடையில் ஒரு சின்ன இடைவேளையோடு. முடிந்து உள்ளே போகும்போது துள்ளிக்கொண்டு போவார். கூட்டம் விடாது. மறுபடி துள்ளிக்கொண்டே வருவார்.

பக்கவாத்தியக்காரரை இவ்வளவு மதித்த முன்னணிப் பாடகர்கள் எந்த இசை மரபிலும் குறைவு. இது ஒரு நடிப்பு, ஒவ்வொரு ஊரிலும் அதே இடத்தில் அதே வணக்கம் என்று சிலர் எழுதினார்கள். அதே இடத்தில் அதே வணக்கம் என்பது உண்மைதான். கோயிலில் தீபாராதனையும் தினமும் ஒரே நேரத்தில்தான் நடக்கிறது. திரும்பத் திரும்பச் செய்வதால் பொய்யாகிவிடாது. பயந்து குடித்து மேடை ஏறிய ஒருவர், குடிக்காமல் மேடையில் நிற்பதற்குக் கண்டுபிடித்த முறை அது என்றே நினைக்கிறேன். கவனத்தைத் தன்மேலிருந்து எடுத்து மற்றவர்மேல் வைத்தார். பயம் நிற்க இடம் இல்லாமல் போனது.

பயணம் தொடங்கிய 2008ஆம் ஆண்டின் டிசம்பரில் இன்னொன்று நடந்தது. 'ஹல்லெலூயா' பாட்டை அவர் எழுதி முடிக்க ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தது. அது இடம்பெற்ற 1984ஆம் ஆண்டு ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிடவே அவரது நிறுவனம் மறுத்துவிட்டது. பின்னர் ஜான் கேல் பாடினார், ஜெஃப் பக்லி பாடினார், 'ஷ்ரெக்' படத்தில் வந்தது. இப்போது, 2008 கிறிஸ்துமஸ் வாரத்தில், பிரிட்டன் பட்டியலில் அலெக்ஸாண்ட்ரா பர்க் பாடிய வடிவம் முதலிடம், பக்லியின் வடிவம் இரண்டாமிடம், கோஹனே பாடியது 36ஆம் இடம். ஒரே பாட்டு, ஒரே வாரம், மூன்று இடங்கள். விற்காது என்று ஒதுக்கப்பட்ட சரக்குக்கு 24 வருடம் கழித்துக் கிடைத்த பதில்.

எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. 2009 செப்டம்பர் 18 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் 'பேர்ட் ஆன் த வயர்' பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே மேடையில் சரிந்தார். குழுவினர் ஓடிவந்து தாங்கினார்கள். மருத்துவமனையில், சாப்பாடு ஒத்துக்கொள்ளாததால் வந்தது என்றார்கள். மூன்றாம் நாள், தன் 75ஆவது பிறந்தநாளன்று, பார்சிலோனாவில் முழுக் கச்சேரியும் பாடினார். அதற்கும் மூன்று நாள் கழித்து டெல் அவிவ் அருகே ராமத் கான் மைதானம். அந்தக் கச்சேரியைக் கைவிடச் சொல்லிக் கடுமையான எதிர்ப்பு இருந்தது. ரமல்லாவில் நடத்த நினைத்த கச்சேரி அந்த எதிர்ப்பில் நின்றுபோனது. வசூலை சமாதானத்துக்காக உழைக்கும் இஸ்ரேலிய, பாலஸ்தீன அமைப்புகளுக்கென்று ஒதுக்கினார். அது போதுமா என்ற விவாதம் இன்றுவரை தீரவில்லை, தீர்ந்ததுபோல் எழுத எனக்கு உரிமையும் இல்லை. யூதப் புரோகித மரபில் வந்த அவர் அன்றிரவு இறுதியில் இரண்டு கைகளையும் உயர்த்தி எபிரேயத்தில் ஆசி கூறினார். அந்தக் குடும்பப் பெயரின் பொருளே புரோகிதர் என்பதுதான்.

பயணம் 2010 டிசம்பரில் லாஸ் வேகாஸில் முடிந்தது. இழந்த பணத்தைவிட அதிகமாகவே சம்பாதித்தாயிற்று. வந்த காரணம் தீர்ந்தது. இந்த இடத்தில் ஓய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2012 ஜனவரியில் புது ஆல்பம் போட்டார். ஆகஸ்டில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மறுபடி பயணத்தைத் தொடங்கினார். வயது 77. புதுப்பாட்டுகளையும் பழையவற்றோடு கலந்து பாடினார், அதே மூன்று மணி நேரம், அதே தொப்பி. எண்பது ஆனதும் மறுபடி சிகரெட் பிடிக்கப் போவதாக மேடைகளில் சொல்லிக்கொண்டிருந்தார். 2013 டிசம்பர் 21, நியூசிலாந்தின் ஆக்லாந்து. அதுதான் அவருடைய கடைசிக் கச்சேரி. ஐந்தரை ஆண்டுகளில் முன்னூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மேடைகள்.

வயதான பாடகர்களின் மறுவருகை என்றாலே எனக்கு ஒரு கலக்கம் உண்டு. பழைய சுருதியை எட்டமுடியாமல் கோரஸின் பின்னால் ஒளிந்துகொள்வதை, ரசிகர்களின் ஞாபகமே பாட்டைப் பாடி முடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அன்பினால் கைதட்டிவிட்டு வருத்தத்தோடு வீடு திரும்பியிருக்கிறோம். கோஹன் தன் முதுமையிடம் பேரம் பேசவில்லை. சுருதியைக் கீழே இறக்கினார், வேகத்தைக் குறைத்தார், சொல்லுக்கு இடம் விட்டார், ஒத்திகையில் மட்டும் எதையும் குறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அவருடைய மிகச் சிறந்த மேடைகள் அறுபதுகளிலோ எழுபதுகளிலோ இல்லை. 73 வயதுக்குப் பிறகு வந்தவைதான்.

2016 நவம்பர் 7 அன்று அவர் இறந்தார். அதற்கு இரண்டரை வாரத்துக்கு முன் வெளிவந்த கடைசி ஆல்பத்தை, முதுகெலும்பு முறிவுகளின் வலியோடு, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகன் ஆடமின் துணையோடு பாடி முடித்திருந்தார். அந்த ஆல்பத்தைப் பற்றி அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். அதற்குள் ஓர் இரவு ஒதுக்கி, 2009இல் வெளிவந்த லண்டன் கச்சேரிப் பதிவைக் கேட்டுவிடுங்கள். நேராக 'ஹல்லெலூயா'வுக்குத் தாவ வேண்டாம். முதல் பாட்டிலிருந்து, அவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லும் இடங்களையும் விடாமல் கேளுங்கள்.