தானாக அணைந்து எழும் கணினி



2020-ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படித்த நாள் முதல், கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்ட வீடுகளிலும் கணினி ஒரு தேவையாகிவிட்டது. அந்தக் கணினி வேலையின் நடுவே திடீரென்று அணைந்தால், அல்லது திரை வருமுன்னே மீண்டும் மீண்டும் தானாகத் தொடங்கினால், நாம் என்ன செய்வது?

காய்ச்சல் கண்டவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது, 'எப்பொழுது தொடங்கியது?' என்பதே. கணினியிடமும் நாம் அதையே கேட்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி ஓடத் தொடங்கும்போது அணைகிறதா? மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். கணினிக்குத் தனி மின்செருகியைப் பயன்படுத்திப் பார்ப்போம். இடி மின்னல் மின்கம்பி வழியாகவும் இணையக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். ஆகவே மழை இருட்டிக்கொண்டு வரும்போதே இரண்டையும் கழற்றிவிடுவது நல்லது.

அரைமணி நேரம் ஓடிய பிறகு, அதுவும் தகரக் கூரை சுடும் பிற்பகலில் அணைகிறதா? அது சூட்டின் வேலையாக இருக்கலாம். மின்செருகியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து, விசிறியில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் துடைப்போம். ஆனால் மின்சாரம் வழங்கும் உள்பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. செருகியைக் கழற்றிய பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

நேரம் காலமின்றி அணைகிறதா? ராம் என்னும் நினைவகத் துண்டு தளர்ந்திருக்கலாம். அதைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்துவோம். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துச் சோதிப்போம்.

புதிய மென்பொருள் ஏற்றிய பிறகுதான் தொல்லையா? அப்படியானால் பெரும்பாலும் கருவி கெட்டிருக்காது. 2024 ஜூலை 19-இல் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் இவ்வாறு முடங்கின. நம் நாட்டில் ஏர் ஆசியாவின் பயணிகள் பதிவும் தடைப்பட்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்புதான் காரணம். அதை நீக்கியதும் கணினிகள் மீண்டும் இயங்கின.

விண்டோஸ் இரண்டு மூன்று முறை தொடங்கத் தவறினால், பழுது நீக்கும் திரை தானே வரும். அதில் 'சேஃப் மோட்' என்னும் பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுப்போம். அதில் ஒழுங்காக ஓடினால், பெரும்பாலும் குறை மென்பொருளில்தான். புதிதாக ஏற்றியதை நீக்கலாம். விண்டோஸ் சின்னம் தோன்றுமுன்னே அணைந்தால், குறை கருவியில் இருக்கலாம்.

இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். கணினி சிறிது நேரம் ஓடினாலும், முதலில் பிள்ளைகளின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும். அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் சரிவராவிட்டால் கடைக்குக் கொண்டு செல்வோம். எப்பொழுது அணைந்தது, திரையில் என்ன எழுத்து வந்தது, நாம் எதைச் சோதித்தோம் என்பதை ஒரு தாளில் எழுதிச் செல்வோம். விவரம் தெரிந்தவரிடம் தேவையற்ற பாகத்தை விற்பது எளிதல்ல. உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாமல் காப்பதும் ஒரு கல்விதானே!