எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா எடுக்கலாமா?

2024 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ மக்கள் ஓட்டுப் போட்ட விஷயங்களில் ஒன்று, எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா நடத்த வேண்டுமா என்பது. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள். பள்ளி நிர்வாகத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கெடுப்புதான் அது. ஆனாலும் ஒரு கணக்குப் பாடம் தேர்தல் வரைக்கும் போகும் அளவுக்கு அங்கே பெற்றோர் கொதித்துப் போயிருந்தார்கள்.

நம் ஊரில் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த இயல்களாக வந்துவிடும். அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் அப்படியில்லை. ஒரு வருடம் முழுக்க அல்ஜீப்ரா 1, அடுத்த வருடம் ஜியாமெட்ரி, பிறகு அல்ஜீப்ரா 2, அதன் பின் பிரீ-கால்குலஸ், கடைசியில் கால்குலஸ். ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 தொடங்கும் பிள்ளை, வருடத்துக்கு ஒரு பாடமாகப் படித்தால், பன்னிரண்டாம் வகுப்பில் பிரீ-கால்குலஸோடு நின்றுவிடும். எட்டாவதிலேயே தொடங்கினால் கால்குலஸ் வரை போகலாம். பொறியியலுக்கும் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கும்போது கால்குலஸுக்குத் தனி மதிப்பு உண்டு. அதனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வேகப் பிரிவா, வழக்கமான பிரிவா என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய கவலைதான்.

சான் பிரான்சிஸ்கோ 2014-ல் இப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையே எடுத்துவிட்டது. யாராக இருந்தாலும் அல்ஜீப்ரா ஒன்பதாம் வகுப்பில்தான் என்று அப்போது ஆனது. கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள் தொடர்ந்து மெதுவான பிரிவிலேயே ஒதுக்கப்படுவதைத் தடுப்பது நோக்கம். நல்ல நோக்கம், சந்தேகமில்லை. ஆனால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் கணக்கெடுத்துப் பார்த்தபோது, கல்லூரித் தரத்திலான கணக்குப் பாடங்களை எடுப்போர் எண்ணிக்கை ஆரம்பத்தில் 15 சதவீதம் சரிந்திருந்தது தெரிந்தது. வேறு சில வழிகள் திறந்த பிறகு அந்தச் சரிவு ஓரளவு ஈடானது. இனங்களுக்கிடையே இருந்த பெரிய இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு நேர் எதிரான காரியத்தை வட கரோலினா மாநிலத்தின் சார்லட் பள்ளி மாவட்டம் முன்பே செய்து பார்த்திருந்தது. 2000-களின் தொடக்கத்தில் நடுத்தர மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளையும் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்குத் தள்ளினார்கள். சில ஆண்டுகளில் பின்வாங்கினார்கள். சார்லஸ் குளோட்ஃபெல்டர், ஹெலன் லாட், ஜேக்கப் விக்டர் ஆகிய மூவரும் அந்தப் பிள்ளைகளின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார்கள். அவசரமாகத் தள்ளப்பட்டவர்கள் அல்ஜீப்ரா தேர்வில் குறைவாக வாங்கினார்கள். அடுத்து வந்த ஜியாமெட்ரியை உரிய காலத்தில் தேறும் வாய்ப்பும் குறைந்தது. முன்னேற்றத்துக்காகப் போட்ட வழி, பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்துவிட்டது.

அதே மாநிலத்தின் வேக் மாவட்டம் நிதானமாக ஒரு வழி தேடியது. ஆசிரியரின் அபிப்பிராயத்தையும் பெற்றோரின் செல்வாக்கையும் ஓரமாக வைத்துவிட்டு, பழைய தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தது. அல்ஜீப்ராவில் தேறும் வாய்ப்பு 70 சதவீதத்துக்கு மேல் என்று கணக்கு சொன்னால் வேகப் பிரிவு. ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி. அந்த 70 சதவீதக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் பிள்ளைக்கும் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளைக்கும் திறமையில் வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். பிற்பாடு அவர்களிடையே வேறுபாடு தெரிந்தால் அது பிரிவினால் வந்தது. வருமானமும் இனமும் பிரிவைத் தீர்மானிப்பது இந்த முறையால் குறைந்தது. வேகப் பிரிவுக்குப் போனவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே ஜியாமெட்ரி எடுத்துத் தேறும் வாய்ப்பு 30 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. ஆனால் இப்படி வேகப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் உயர்நிலைப் பள்ளியில் அந்த வேகத்தில் நீடிக்கவில்லை. நீடித்தவர்களும் மேல் பாடங்களில் குறைந்த மதிப்பெண்ணே வாங்கினார்கள்.

எங்கே இடறுகிறார்கள்? ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். 10 அடி பக்கமுள்ள சதுரத்தின் பரப்பு 100 சதுர அடி. பக்கத்தை 0.1 அடி கூட்டினால் பரப்பு 102.01. அதாவது 2.01 கூடியிருக்கிறது, அதை 0.1-ஆல் வகுத்தால் 20.1. கூட்டும் அளவைக் குறைத்துக்கொண்டே போனால் விடை 20-ஐ நெருங்கும். கால்குலஸின் முதல் பாடமே இதுதான். இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தும்போது, தனித்தனியாக வர்க்கப்படுத்திக் கூட்டினால் போதும் என்று நினைக்கும் பிள்ளை என்ன செய்யும்? 100-உடன் 0.01 சேர்த்து 100.01 என்று எழுதும். கூடியது 0.01, 0.1-ஆல் வகுத்தால் 0.1. கூட்டும் அளவு குறையக் குறைய விடை பூஜ்யத்துக்குப் போய்விடும். பக்கம் வளர்ந்தாலும் சதுரம் வளராது என்று அர்த்தமாகிவிடுகிறது! கால்குலஸின் கருத்து அந்தப் பிள்ளைக்குப் புரிந்தே இருக்கிறது. இரண்டு பக்க ஓரங்களிலும் சேரும் பட்டைகளைக் கணக்கில் சேர்க்காததுதான் பிழை. அது அல்ஜீப்ரா 1-ல் ஊன்ற வேண்டிய விஷயம்.

ஹார்வர்டின் ஃபிலிப் சாட்லரும் கெர்ஹார்ட் சொன்னெர்ட்டும் 6000-க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் தகவல் திரட்டி 2018-ல் வெளியிட்ட ஆய்வை, பெற்றோர்கள் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் படிவத்தை நிரப்புவதற்கு முன் அறிந்துகொண்டால் நல்லது. கல்லூரிக் கால்குலஸில் வாங்கும் மதிப்பெண்ணுக்கு, பள்ளியிலேயே கால்குலஸ் படித்திருப்பது உதவுகிறது. ஆனால் அதற்கு முந்தைய பாடங்களில் இருக்கும் தேர்ச்சி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உதவுகிறது. இன்னொரு முடிவு நான் எதிர்பாராதது: பள்ளியில் கால்குலஸ் எடுத்ததால் அதிகம் பயனடைந்தவர்கள், அடிப்படை சற்றுப் பலவீனமாக இருந்த மாணவர்கள்தான். ஆகவே மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குக் கால்குலஸ் எதற்கு என்று தள்ளிவைப்பதும் தவறு.

உண்மையிலேயே வேகம் தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, கணக்கில் அபாரத் திறன் காட்டிய பதின்மூன்று வயதுக்காரர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. ஒத்த திறமையுள்ளவர்களை ஒப்பிட்டபோது, வகுப்பு தாண்டிப் படித்தவர்களே பிற்காலத்தில் அறிவியல், தொழில்நுட்ப முனைவர் பட்டங்களை அதிகம் பெற்றிருந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை வருடக்கணக்கில் தெரிந்ததையே கேட்கவைத்து உட்கார்த்துவது கொடுமை. ஆனால் இந்த ஆய்வு பார்த்தது நூற்றில் ஒருவர் என்ற அளவில் அரிதானவர்களை. அடுத்த வீட்டுப் பையன் வேகப் பிரிவில் இருக்கிறான் என்பதால் நம் பிள்ளை அந்த நூற்றில் ஒருவராகிவிடாது.

உங்கள் பிள்ளை பின்னக் கணக்கைப் பயமில்லாமல் செய்கிறதா, போட்ட விடை ஏன் சரி என்று வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா, கடினமான கணக்கோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டப் பிடிக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவுக்குத் தயங்க வேண்டாம். இல்லையென்றால் ஒரு வருடம் பொறுப்பதில் நஷ்டம் குறைவு. பத்தாம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் அல்ஜீப்ரா 2-ஐயும் சேர்த்து எடுக்கவோ, கோடை விடுமுறையில் ஒரு பாடத்தை முடிக்கவோ பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் பிள்ளையின் பள்ளியில் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். வேகப் பிரிவில் திணறினால் ஒரு பருவத்துக்குள் மாறிக்கொள்ள முடியுமா, அந்த மதிப்பெண் இறுதிப் பட்டியலில் ஏறுமா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.