வரைகலை அட்டைகளில் குளிர்விப்பு மேம்பாடு: வெப்பத் தடை நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் வரைகலை அட்டை மிகுதியாகச் சூடேறும்போது அதன் குளிர்விப்பானை மாற்றுவதே தீர்வு என்னும் எண்ணம் பயனரிடையே பரவலாக உள்ளது. சில்லில் தோன்றும் வெப்பம் அறைக் காற்றைச் சென்றடையும் வழியில் பல தடைகளைக் கடக்கிறது. அவற்றுள் எது பெருந்தடை என்று அறியாமல் மேற்கொள்ளும் மாற்றம் பொருட்செலவாக மட்டும் முடியக்கூடும். 2016ஆம் ஆண்டில் வெளிவந்த என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1080 அட்டையை மாதிரியாகக் கொண்டு, ஐவகை மேம்பாடுகளின் பயனை எளிய கணக்கீட்டின் வழி இக்கட்டுரை ஒப்பிடுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் முயற்சிக்கு முன்னர், தோன்றும் வெப்பத்தைக் குறைக்கும் முயற்சியே முதலிடம் பெறத்தக்கது என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வரைகலை அட்டை, வெப்பத் தடை, வெப்பப் பசை, வெப்ப ஏற்பி, மின்னழுத்தக் குறைப்பு.

முன்னுரை

கிராபிக்ஸ் கார்டு என்று வழங்கும் வரைகலை அட்டை, தொடக்கத்தில் திரையில் படம் காட்டும் துணைக்கருவியாகவே இருந்தது. இன்று காணொளித் தொகுப்பு, எழுத்துணரி, பேச்சுணரி, மொழி மாதிரிகளின் பயிற்சி எனப் பல பணிகள் அதனைச் சார்ந்துள்ளன. இப்பணிகள் பல மணி நேரம், சில வேளைகளில் பல நாள்கள் இடைவிடாது நடைபெறுவன. புதிய அட்டையின் விலை எட்டாத நிலையில், பழைய அட்டையையே நம்பியிருக்கும் மாணவருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அதன் ஆயுளே பணியின் ஆயுளாக அமைந்துவிடுகிறது. எனவே அட்டையின் வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பது பொழுதுபோக்கு ஆர்வலரின் சிக்கலாக மட்டும் இன்று இல்லை.

வரைகலை அட்டை பெறும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. 180 வாட் மின்திறன் கொண்ட அட்டை, முழுப் பணியில் 180 வாட் வெப்பத்தை வெளியிடும் அடுப்புக்கு ஒப்பானது. 2010இல் வந்த ஜிடிஎக்ஸ் 480 அட்டையின் மின்திறன் 250 வாட். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 அட்டையினது 350 வாட். 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையினது 450 வாட். இவ்வளர்ச்சியே குளிர்விப்பை அட்டை வடிவமைப்பின் மையச் சிக்கலாக்கியது.

வெப்பம் செல்லும் வழி

மின்னோட்டத்திற்கு மின்தடை இருப்பது போல வெப்ப ஓட்டத்திற்கும் தடை உண்டு. ஒரு வாட் வெப்பம் ஓர் அடுக்கைக் கடக்கும்போது அதன் இருபுறமும் எத்தனை பாகை வெப்பநிலை வேறுபாடு தோன்றுகிறதோ அதுவே அவ்வடுக்கின் வெப்பத் தடை. வெப்பத் திறனை வெப்பத் தடையால் பெருக்கினால் வெப்பநிலை உயர்வு கிடைக்கும். அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைவதால் அவற்றின் உயர்வுகளைக் கூட்டிக்கொள்ளலாம்.

வரைகலை அட்டையில் இவ்வழி நான்கு கட்டங்களைக் கொண்டது. முதலாவது, சில்லுக்கும் அதன்மேல் அமரும் உலோகப் பரப்புக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை. இரண்டாவது, வெப்ப ஏற்பி. செப்பு அடித்தளம், வெப்பக் குழாய்கள், அலுமினியத் தகடுகள், விசிறி ஆகியவை இதில் அடங்கும். மூன்றாவது, கணினிப் பெட்டியின் உட்காற்று. நான்காவது, பெட்டி வைக்கப்பட்டுள்ள அறையின் காற்று.

பசையின் தேவையைப் பொருள்களின் வெப்பக் கடத்துதிறன் விளக்கும். ஒரு மீட்டர் கெல்வினுக்குச் செம்பு ஏறத்தாழ 400 வாட் கடத்துகிறது; காற்று 0.026 வாட் மட்டுமே கடத்துகிறது. வழவழப்பாகத் தோன்றும் இரு பரப்புகளும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உடையவை. அவற்றின் இடையே அகப்படும் காற்றை அகற்றி அவ்விடத்தை நிரப்புவதே பசையின் வேலை. பசையும் உலோகத்தைவிட மிகத் தாழ்ந்த கடத்தியே. ஆகவே பசை இடைவெளியை நிரப்பும் அளவுக்கு இருந்தால் போதும். அடுக்கு தடித்தால் தடையும் கூடும்.

மாதிரிக் கணக்கீடு

ஜிடிஎக்ஸ் 1080 அட்டையின் சில்லு 314 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. தயாரிப்பாளரின் இயல்பு அமைப்பில் இவ்வட்டை 83 பாகை செல்சியஸை இலக்கு வெப்பநிலையாகக் கொள்கிறது. அதனை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேல் வரம்பு 94 பாகை. என்விடியா வெளியிட்ட மூல வடிவமைப்பில், ஒரே விசிறி காற்றை உள்ளிழுத்துப் பெட்டியின் பின்புறமாக வெளியே தள்ளுகிறது.

கணக்கின் எளிமை கருதி, அட்டையின் 180 வாட்டில் 150 வாட் சில்லில் தோன்றுவதாகவும், மூல வெப்ப ஏற்பியின் தடை ஒரு வாட்டுக்கு 0.30 பாகை எனவும், பெட்டியின் உட்காற்று அறையைவிட 5 பாகை கூடுதல் எனவும் கொள்ளலாம். இவை அளந்தறிந்த மதிப்புகள் அல்ல, ஒப்பீட்டிற்கான எடுகோள்கள். பசையின் தடிமன் 0.05 மில்லிமீட்டர், கடத்துதிறன் 4 எனில் பசையில் ஏற்படும் உயர்வு 6 பாகை. வெப்ப ஏற்பியில் ஏற்படும் உயர்வு 45 பாகை. அறை 25 பாகையில் இருந்தால் சில்லின் வெப்பநிலை 25, 5, 45, 6 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 81 பாகை. இலக்குக்கு 2 பாகை குறைவு என்பதால் அட்டை முழு வேகத்தில் இயங்கும்.

அதே அட்டை 35 பாகை அறையில் இயங்கினால் கணக்கு 91 பாகையைக் காட்டும். அறைவெப்பம் கூடிய அளவு சில்லின் வெப்பமும் கூடுகிறது. திருத்தணி, வேலூர், கரூர் போன்ற இடங்களில் கோடையின் பகல் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. குளிர்சாதனம் இல்லாத அறையில் 35 பாகை என்பது அங்கே மிகையன்று. குளிரூட்டிய ஆய்வறையில் அளந்து சொல்லப்படும் வெப்பநிலைகளை இத்தகைய அறைக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

ஐவகை மேம்பாடுகள்

91 பாகை என்னும் இந்நிலையிலிருந்து ஒவ்வொரு மேம்பாடும் எவ்வளவு இறக்குகிறது என்பது கீழே ஒப்பிடப்படுகிறது.

1. தூய்மை செய்தல்: அலுமினியத் தகடுகளுக்கிடையே படியும் தூசி காற்றோட்டத்தை அடைத்து, வெப்ப ஏற்பியின் தடையை 0.30இலிருந்து மேலே உயர்த்துகிறது. தடை 0.35 ஆனாலே 7.5 பாகை கூடும். செலவற்ற இப்பணியே முதலில் செய்யத்தக்கது. காற்றூதியைப் பயன்படுத்தும்போது விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொள்ளுதல் வேண்டும்.

2. பசை மாற்றுதல்: 4 கடத்துதிறன் கொண்ட நல்ல பசையை நீக்கி 8 கடத்துதிறன் கொண்ட உயர்விலைப் பசையை இட்டால் உயர்வு 6 பாகையிலிருந்து 3 பாகையாகக் குறையும். 91 பாகை 88 ஆகும், இலக்கைத் தொடாது. ஆனால் சில ஆண்டுகள் இயங்கிய அட்டையில் பசை உலர்ந்தோ, சூடேறிக் குளிரும் சுழற்சியால் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டோ இருக்கலாம். அதன் பயனுறு கடத்துதிறன் 1 ஆகிவிட்டால் பசையில் மட்டும் 24 பாகை உயர்வு ஏற்படும். அந்நிலையில் எளிய விலைப் பசையே 18 பாகையை மீட்டுத் தரும். பழைய பசை கெட்டதா என்பதே இங்கு வினா. புதிய பசை எவ்வளவு சிறந்தது என்பது அதற்கு அடுத்த நிலையினது.

3. குளிர்விப்பானை மாற்றுதல்: இரண்டு அல்லது மூன்று பெரிய விசிறிகள் கொண்ட குளிர்விப்பான் தடையைப் பாதியாக, அதாவது 0.15ஆகக் குறைப்பதாகக் கொண்டால் உயர்வு ஏறத்தாழ 23 பாகை. ஆனால் இவ்வகை வெப்பக் காற்றைப் பெட்டியின் உள்ளேயே விடுகிறது. உட்காற்றின் உயர்வு 5இலிருந்து 10 பாகையானால் சில்லின் வெப்பநிலை 74 பாகை. பெட்டியில் காற்று வெளியேறப் போதிய விசிறி இல்லையேல், வரைகலை அட்டை பெற்ற நன்மையை மையச் செயலி இழக்க நேரும். இரைச்சல் குறைவது இம்முறையின் தனிச்சிறப்பு. விசிறியின் வேகம் இருமடங்கானால் காற்றின் அளவு இருமடங்காகும். அதற்குத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே அளவு காற்றைத் தருகிறது.

4. நீர்க் குளிர்விப்பு: நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, பெரிய தகட்டுப் பரப்புக்கு எடுத்துச் செல்கிறது. சம கன அளவில் நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பம் ஏற்பதால் சிறு குழாயே போதுமானது. சில்லின் வெப்பநிலை பெரிதும் இறங்கும். எனினும், நீரேற்றி பழுதடைதல், கசிவு ஆகிய இடர்கள் உண்டு. சில்லை மட்டும் மூடும் அமைப்பைப் பொருத்தினால், முன்பு விசிறிக் காற்றால் குளிர்ந்த மின்னழுத்தச் சீராக்கிகளும் நினைவகச் சில்லுகளும் காற்றின்றி நிற்கும். அவற்றிற்குத் தனி வெப்ப ஏற்பியும் விசிறியும் இன்றியமையாதவை.

5. மின்னழுத்தத்தைக் குறைத்தல்: சில்லின் இயங்குதிறன் அதிர்வெண்ணுக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. அதிர்வெண்ணை மாற்றாமல் 1.05 வோல்ட்டை 0.90 ஆக்கினால் இயங்குதிறன் ஏறத்தாழ 26 விழுக்காடு குறையும். 150 வாட் 110 வாட்டாகும். மூல வெப்ப ஏற்பியில் உயர்வு 33 பாகை, பசையில் 4 பாகை, பெட்டியில் 4 பாகை. 35 பாகை அறையிலும் சில்லின் வெப்பநிலை 76 பாகை. ஒரு திருகையும் கழற்றாமல் 15 பாகை குறைகிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளால் இதனைச் செய்யலாம். ஒவ்வொரு சில்லும் தாங்கும் குறைந்த அழுத்தம் வேறுபடுவதால், சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நீண்ட நேரம் இயக்கிச் சோதித்தல் வேண்டும். நிலைகுலைந்தால் முந்தைய மதிப்புக்குத் திரும்பினால் போதும்.

நினைவகத்தின் தனிச்சிக்கல்

மேற்கண்ட கணக்கு சில்லை மட்டும் கருதியது. ஆர்டிஎக்ஸ் 3090 அட்டையில் 24 நினைவகச் சில்லுகள் உள்ளன. அவற்றுள் 12 அட்டையின் பின்புறத்தில் அமைந்துள்ளன. முன்புற விசிறிகளின் காற்று அவற்றை எட்டுவதில்லை. மையச் சில்லு 70 பாகையில் இருக்கும்போதே நினைவகம் 100 பாகையைத் தாண்டி, 110 பாகையில் வேகக் குறைப்புக்கு உள்ளாகலாம். மையச் சில்லின் வெப்பநிலையை மட்டும் பார்க்கும் பயனருக்கு இது புலப்படாது.

நினைவகத்திற்கும் உலோகத்திற்கும் இடையில் இருப்பது தெர்மல் பேட் என்னும் மென்தகடு. இதனை மாற்றும்போது கடத்துதிறனைவிடத் தடிமனே முதன்மையானது. 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 மில்லிமீட்டர் தகட்டை வைத்தால், அது வெப்ப ஏற்பியைத் தூக்கிப் பிடிக்கும். மையச் சில்லின்மீது அழுத்தம் குறைந்து, பசை அடுக்கு தடித்துவிடும். பசையின் தடிமன் 0.05இலிருந்து 0.20 மில்லிமீட்டரானால், முந்தைய மாதிரிக் கணக்கின்படி 6 பாகை உயர்வு 24 பாகையாகிவிடும். நினைவகத்தைக் காக்கப்போய் மையச் சில்லைக் கெடுக்கும் இப்பிழை, தடிமனை அளக்காமல் தகடு வாங்குவதால் நேர்வது.

செயன்முறையில் கருதத்தக்கவை

அட்டையைத் திறக்கும் முன் பொறுப்புறுதிக் காலத்தைச் சரிபார்த்தல் வேண்டும். திறப்பது பொறுப்புறுதியைப் பாதிக்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். மின்னிணைப்பை நீக்கி, உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை அகற்றிய பின்னரே அட்டையைத் தொடுதல் தகும். வெப்ப ஏற்பியை விசையுடன் இழுத்தல் கூடாது. விசிறியின் மெல்லிய கம்பிகள் அட்டையோடு இணைந்திருக்கும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்தல் நன்று. திருகுகளை மூலைக்கு மூலை குறுக்காக, சிறிது சிறிதாக முடுக்கினால் அழுத்தம் சமமாகப் பரவும். காலியம் கலந்த திரவ உலோகப் பசை அலுமினியத்தை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்தும். முதன்முறை முயல்வோர் அதனைத் தவிர்த்தல் நலம்.

மாற்றத்திற்கு முன்னும் பின்னும் ஒரே பணி, ஒரே விசிறி வேகம், ஒரே கால அளவு ஆகியவற்றைப் பின்பற்றி அளத்தல் வேண்டும். அறை வெப்பநிலையையும் உடன் குறித்துக்கொள்ளாத அளவீடு பயன் தராது. காலையில் 28 பாகையிலும் பிற்பகலில் 35 பாகையிலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால், மாற்றம் எதுவும் செய்யாமலேயே 7 பாகை வேறுபாடு தோன்றும்.

முடிவுரை

மாதிரிக் கணக்கீட்டில் உயர்விலைப் பசை 3 பாகையும், மின்னழுத்தக் குறைப்பு 15 பாகையும், புதிய குளிர்விப்பான் 17 பாகையும் இறக்கின. பெருந்தொகை செலவிட்ட மாற்றத்திற்கும் செலவற்ற மாற்றத்திற்கும் இடையிலான வேறுபாடு 2 பாகை மட்டுமே. தூசி நீக்கல், மின்னழுத்தக் குறைப்பு, பசை புதுப்பித்தல், பெட்டிக் காற்றோட்டம் என்னும் வரிசையில் சென்று, அவற்றிற்குப் பின்னும் இலக்கைத் தொடாத அட்டைக்கே புதிய குளிர்விப்பான் தேவைப்படுகிறது. குளிர்விப்பான் வெப்பத்தைச் சில்லிலிருந்து அறைக்கு மாற்றுகிறது. அவ்வெப்பம் அறையிலேயே தங்குகிறது. மின்னழுத்தக் குறைப்போ அவ்வெப்பம் தோன்றுவதையே குறைக்கிறது. வெப்பமான அறையில் பழைய அட்டையைக் கொண்டு பணியாற்றும் பயனருக்கு, அட்டையின் ஆயுளோடு மின்கட்டணத்திலும் பயன் தருவது இவ்வழியே ஆகும்.