பூட்டு 'பீப்' என்றால் கேளுங்கள்

வீவக வீடோ கொண்டோவோ, சாவிக்குப் பதில் எண்களைத் தட்டிக் கதவைத் திறக்கும் வீடுகள் இப்போது நிறைய. அந்த டிஜிட்டல் பூட்டுக்கும் பசிக்கும் என்பதுதான் நமக்கு மறந்துவிடுகிறது.

பெரும்பாலான பூட்டுகள் 4 அல்லது 8 'ஏஏ' பேட்டரிகளில் ஓடுகின்றன. கதவை அடிக்கடி திறக்கும் பெரிய குடும்பத்தில் அவை சீக்கிரம் தீரும். வைஃபை இணைப்பும் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பேட்டரி குறைந்தால் பூட்டு ஒலி எழுப்பும், அல்லது விளக்கு சிமிட்டும். பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியோ, பள்ளி முடிந்து வரும் பிள்ளையோதான் அதை முதலில் கவனிப்பார்கள். "அந்தச் சத்தம் கேட்டால் உடனே சொல்லுங்கள்" என்று அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மாற்றும்போது எல்லா பேட்டரிகளையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலந்தால் கசிவு ஏற்படலாம். அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான். அதைப் போட்டால் பூட்டின் எச்சரிக்கை தப்பலாம். கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பூட்டு என்றால், எச்சரிக்கை வந்த அன்றே சார்ஜ் செய்துவிடுங்கள்.

முழுவதும் தீர்ந்துவிட்டதா? பல பூட்டுகளின் வெளிப்புறத்தில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியை அவற்றில் அழுத்திப் பிடித்தபடி எண்ணைத் தட்டினால் கதவு திறக்கும். சில பூட்டுகளில் அதற்கு யூஎஸ்பி துளை உண்டு. பவர் பேங்க் போதும்.

அந்த 9 வோல்ட் பேட்டரியை வீட்டுக்குள் வைத்துப் பயனில்லை. முனைகளை மூடி, கைப்பையில் வையுங்கள். நாணயமோ சாவியோ முனைகளில் பட்டால் சூடேறும். தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும் முன், பூட்டுக்கும் புது பேட்டரி போட்டுவிடுங்கள்.