ஜாஸ் சங்கீதமும் ததிங்கிணதொம்மும்

1982-இல் பிரான்ஸ் தேசத்தில் தோன்றிய ஜூன் 21 சங்கீதத் திருநாளைப் புதுச்சேரியும் கொண்டாடி வருகிறது. அன்று தெருவோரத்தில் கிதார் வாசிப்பைக் கேட்டு வீடு திரும்பும் தட்டாஞ்சாவடிப் பிள்ளை, தனக்கும் ஒன்று வேண்டுமென்கிறான். தகப்பனாரும் வாங்கித் தருகிறார். சில மாதங்களில் வாத்தியம் பரணுக்குப் போய்விடுகிறது. "பையனுக்கு ஞாபகசக்தி போதாது" என்று வீட்டில் தீர்ப்பும் ஆகிவிடுகிறது. குற்றம் ஞாபகசக்தியிலா, மனப்பாடம் செய்யும் முறையிலா என்று யாரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். பல ஸ்வரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்வதற்குக் 'கார்டு' என்று பெயர். மெட்டு மேலே செல்ல, கார்டுகள் கீழே வரிசையாக வந்துகொண்டிருக்கும். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930-இல் அமைத்த 'ஐ காட் ரிதம்' என்னும் பாட்டை ஜாஸ் வித்வான்கள் நான்கு அட்சரம் கொண்ட 32 ஆவர்த்தங்களாக வாசிப்பார்கள். அதில் வரும் கார்டுகள் ஏறக்குறைய ஐம்பது. ஒவ்வொன்றாக உருப்போடுகிறவன் இருபதாவதில் தடுமாறினால் வியப்பில்லை.

தேர்ந்தவர் அவ்விதம் உருப்போடுவதில்லை. அவருக்கு அது எட்டெட்டு ஆவர்த்தமாக நான்கு பாகங்கள். முதல், இரண்டாம், நான்காம் பாகங்கள் ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவது மட்டும் வேறு. ஆகவே கற்க வேண்டிய கட்டுகள் இரண்டே! அந்த மூன்றாம் பாகத்தில் கார்டுகளின் ஆதார ஸ்வரங்கள், சங்கராபரணத்தில் சொன்னால், க, த, ரி, ப என்று இரண்டிரண்டு ஆவர்த்தம் நின்று ஸட்ஜத்துக்குத் திரும்பும். ரி, ப, ஸ என்ற இறுதி நடை எண்ணற்ற ஜாஸ் மெட்டுகளில் வருவது. டியூக் எல்லிங்டனின் 'காட்டன் டெயில்' (1940), சானி ரோலின்ஸின் 'ஓலியோ' (1954) ஆகியவையோ இப்பாட்டின் கார்டு வரிசை மீதே எழுந்தவை. ஒன்று வந்தவனுக்கு மற்றவையும் பாதி வந்தாற்போலத்தான். இன்னொரு லாபமும் உண்டு. கார்டுப் பெயர்களை மட்டும் நெட்டுருச் செய்தவன் சுருதி மாறியதும் திகைப்பான்; ஸ்வர உறவாய்க் கற்றவனுக்கு ஸட்ஜம் எங்கிருந்தாலும் பாதை ஒன்றே.

இம்முறை நமக்குப் புதிதன்று. மிருதங்கம் பயிலும் சிறுவன் 'ததிங்கிணதொம்' என்பதை ஐந்து தனித்தனித் தட்டுகளாக எண்ணுவதில்லை. ஒரே சொற்கட்டாகக் கைக்கொள்கிறான். அதை மும்முறை வாசித்துத் தீர்மானம் வைக்கிறான்.

சதுரங்கத்திலும் இதே கதைதான். 1973-இல் அமெரிக்காவில் சேஸ், சைமன் என்னும் அறிஞர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். உண்மையான ஆட்டத்தின் நிலையைச் சில விநாடி பார்த்த நிபுணர் காய்களைத் திரும்ப அடுக்குவதில் கற்றுக்குட்டியை வெகுவாக மிஞ்சினார். காய்களைக் கண்டபடி வைத்துக் காட்டியபோதோ அந்த மேன்மை மறைந்தது. அவர் மனத்தில் இருந்தது தனிக் காய்களன்று, பழகிய கட்டுகள்.

ஆனால் கட்டின் பெயரை அறிவது மட்டும் போதாது. கேட்டவுடன் இன்னதென்று காது சொல்ல வேண்டும். கைகள் தாமாகச் செல்ல வேண்டும். ஒரு கட்டை வாயால் பாடி, விளம்பத்தில் வாசித்து, இரண்டு மூன்று சுருதிகளில் பழகிய பின்பே அடுத்ததைத் தொடுவது நலம்.

பெற்றோர்களும் "எத்தனை பாட்டு வந்தது?" என்று கேட்பதை விட்டு, "இந்தப் பாட்டில் எத்தனை கட்டு?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.