பைக் தயாராகும் ஏரியாவிலேயே பழைய புல்லட்டுக்கு சர்வீஸ் கிடைப்பது ஏன் கஷ்டம்?

மணிமங்கலத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்களுக்கு பைக்தான் கால். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வண்டி மக்கர் பண்ணினால் என்ன பாடு என்று சொல்லவே வேண்டாம். இதே பகுதியில்தான் ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-லும், வல்லம் வடகால் ஆலை 2017-லும் ஓடத் தொடங்கின. ஆனால், அப்பா ஓட்டிய புல்லட்டை டீலர் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், “இந்த மாடலுக்கு இப்ப ஆள் இல்லைங்க” என்ற பதில் வரலாம். ஆலை பக்கத்தில் இருப்பதால் பழைய வண்டிக்கு எந்த லாபமும் இல்லை. அங்கே அசெம்பிளி லைனில் ஓடுவது புது மாடல்கள்தான்.

‘புல்லட்’ என்ற பெயர் மாறவில்லை. உள்ளே இருக்கும் எஞ்சின் மாறிவிட்டது. 1950-களில் திருவொற்றியூரில் தொடங்கிய வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில்தான் விடைபெற்றது. அதில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் தனித்தனி; மூன்றுக்கும் தனித்தனியாக ஆயில் பார்க்க வேண்டும். அடுத்து வந்த யூ.சி.இ. எஞ்சினில் எல்லாம் ஒரே கூட்டுக்குள் போய்விட்டன. 2020-ல் மீட்டியாருடன் வந்த ஜே சீரிஸ் முற்றிலும் வேறு.

புது எஞ்சினில் பழகிய டெக்னீஷியன் எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு, கியர்பாக்ஸைத் திறந்தே பார்க்காமல் வண்டியை அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. டேப்பட் விஷயமும் அப்படித்தான். யூ.சி.இ.யில் ஹைட்ராலிக் டேப்பட். அட்ஜஸ்ட் பண்ணவே தேவையில்லை. வார்ப்பிரும்பு எஞ்சினிலோ, எஞ்சின் ஆறிய பிறகு புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்த்து செட் செய்ய வேண்டும். காண்டாக்ட் பாயிண்ட் உள்ள வண்டி என்றால், அந்த இடைவெளியை 0.35 – 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்கணும். இதையெல்லாம் எந்த ஸ்கேனரும் சொல்லித் தராது. புது வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறு திரையில் தெரியும். கார்புரேட்டர் வண்டியில் செருகவே இடம் கிடையாது.

டெஸ்ட் ரைடு இன்னும் வம்பு. பழைய புல்லட்கள் பலவற்றில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழக்கமில்லாதவர் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே இதைச் சொல்லி, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

டீலர் தயங்குவதற்குக் காசும் காரணம். ஒரு நாளைக்கு இத்தனை ஜாப் கார்டு என்றுதான் சர்வீஸ் சென்டர் ஓடுகிறது. துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டும் நேரத்தில் புது வண்டி இரண்டு முடிந்துவிடும். போல்ட் உடைந்தால் யார் பொறுப்பு என்ற சண்டை வேறு. டீலர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் எங்கே கொடுப்பது? யூ.சி.இ. வண்டி என்றால் வழக்கமான சர்வீஸுக்கு டீலரே போதும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிக்கு டீலர்தான் பாதுகாப்பு. வார்ப்பிரும்பு எஞ்சின் என்றால், அந்த எஞ்சினில் கைபழகிய மெக்கானிக்கைத் தேடுவதே புத்திசாலித்தனம். ஸ்பேரை மட்டும் பார்ட் நம்பர் சொல்லி டீலர் கவுன்ட்டரில் கேட்கலாம். ஃபேன்ஸி கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் கிளட்ச் பிளேட்டை நம்பி நைட் ஷிஃப்ட் போகாதீர்கள்.

எங்கே கொடுத்தாலும் எஸ்டிமேட்டை முன்கூட்டியே வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தில் வாகனங்களும் உண்டு. அது தகவல் தளம்தான், டீலரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சொதப்பினால், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதனால் தெரிந்த மெக்கானிக்காக இருந்தாலும், கூச்சப்படாமல் பில் கேளுங்கள்.