இரண்டு லேப்டாப், ஒரு கேபிள், மூன்று குலுக்கல்

புது லேப்டாப் வாங்கியதும் வருகிற முதல் வேலை, பழையதில் கிடக்கும் குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் அதற்கு மாற்றுவது. பலர் பென்டிரைவில் தவணை தவணையாக ஏற்றி இறக்குகிறார்கள். சிலர் இணையத்தில் ஏற்றிவிட்டு மறுபடி இறக்கிக்கொள்கிறார்கள். பக்கத்து மேசையில் இருக்கும் கணினிக்குப் போக, கோப்புகள் எங்கோ இருக்கும் சர்வரைத் தொட்டுவிட்டு வருகின்றன. மொத்தம் 100 ஜிபி இருந்தால், வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஏற்றுவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரண்டு லேப்டாப்புக்கும் நடுவே ஒரு லேன் கேபிளைச் செருகினால், ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்கும் பட்சத்தில், அதே வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இணையமே தேவையில்லை. வீட்டுப் படங்கள் வீட்டைத் தாண்டுவதுமில்லை.

வீட்டு வைஃபை வழியாகவே அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு தரவுத் துணுக்கும் காற்றில் இரண்டு முறை போக வேண்டும்: ஒரு லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து அடுத்த லேப்டாப்புக்கு. இரண்டு பயணமும் ஒரே அலைவரிசையில் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

கேபிளை நேராகச் செருகும்போது அந்த ரூட்டர் நடுவில் இல்லை. வழக்கமாக முகவரி தருவதும் வழிகாட்டுவதும் அதுதான். அது இல்லாத இடத்தில், ஒன்றுக்கொன்று எந்த வகையிலும் மேல் கீழ் இல்லாத இரண்டு கருவிகள் எப்படி ஒத்துப்போகின்றன? இந்தத் தொழில்நுட்பத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இதற்குக் கிடைத்த விடைதான். தகராறு வரும் ஒவ்வொரு இடத்திலும் அவை குலுக்கல் போட்டுக்கொள்கின்றன.

லேன் கேபிளுக்குள் எட்டுச் செம்புக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஓர் இணையின் இரண்டு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்துபோகும். முறுக்கு அதற்காகத்தான். தொலைபேசிக் கம்பிகளை இப்படி முறுக்குவதற்கு 1881இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

பழைய 100 மெகாபிட் முறையில், கணினி 1, 2 ஆம் முனைகளில் பேசும்; 3, 6 ஆம் முனைகளில் கேட்கும். ரூட்டரில் இது தலைகீழாக இருப்பதால் இரண்டும் பொருந்திவிடும். ஆனால் கணினியைக் கணினியோடு சேர்த்தால் வாயோடு வாயும் காதோடு காதும் இணைந்துவிடும். அதனால் ஒரு முனையில் ஆரஞ்சு இணையையும் பச்சை இணையையும் இடம் மாற்றி அடித்த ‘கிராஸ் கேபிள்’ தேவைப்பட்டது. வாங்கிவந்தது ‘ஸ்ட்ரெய்ட் கேபிள்’ என்றால் எதுவும் நடக்காது.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர்கள் எச்.பி. நிறுவனப் பொறியாளர்கள். கம்பிகளை இடம் மாற்றும் வேலையை லேன் போர்ட்டே தனக்குள் செய்துகொள்ளட்டும் என்றார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர், வழிவிட நினைத்து ஒரே நேரத்தில் ஒரே பக்கம் விலகி, மறுபடி மறுபக்கம் விலகி முட்டிக்கொள்வதைப் போல, இரண்டு போர்ட்டும் ஒரே சமயத்தில் மாறினால் சேரவே சேராது. எனவே ஒவ்வொரு போர்ட்டும் சுமார் 60 மில்லி வினாடி காத்துப் பார்க்கிறது. எதிர்முனையின் துடிப்பு கேட்கவில்லையென்றால், மாறுவதா வேண்டாமா என்று ஒரு தற்செயல் எண்ணைக் கொண்டு முடிவு செய்கிறது. சில முயற்சிகளுக்குள் இரண்டும் வெவ்வேறு முடிவை எடுத்துவிடும். இணைப்பு உயிர் பெறும். அதனால் இன்றைய லேப்டாப்களுக்கு எந்த லேன் கேபிளும் போதும்.

1999இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறையில் நான்கு இணைகளும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் பேசுகின்றன. இதற்கு இரு முனைகளும் ஒரே கடிகாரத் துடிப்பில் ஓட வேண்டும். யாருடைய கடிகாரம்? இரண்டும் தற்செயலாக ஓர் எண்ணை எடுத்துக் காட்டுகின்றன. பெரிய எண் எடுத்தது முன்னே செல்ல, மற்றது அதைப் பின்பற்றும்.

மூன்றாவது குலுக்கல் முகவரிக்கு. முகவரி தரும் ரூட்டரைத் தேடி ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு லேப்டாப்பும் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரிகளில் ஒன்றைத் தற்செயலாகத் தானே எடுத்துக்கொள்கிறது. எடுத்ததும் ‘இது யாரிடமாவது இருக்கிறதா?’ என்று கம்பியில் கேட்டுப் பார்க்கிறது. பதில் வந்தால் வேறொன்றை எடுக்கும். இந்தத் தேடலுக்குச் சற்று நேரமாகும். முடிந்ததும் விண்டோஸ் ‘இணையம் இல்லை’ என்று காட்டும். இங்கேதான் பலர் இணைப்பு பழுது என்று நினைத்துக் கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள். பழுதில்லை, உண்மையிலேயே அந்தக் கம்பியில் இணையம் கிடையாது, அவ்வளவுதான். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதுக்கு 192.168.10.2 என்று கையால் கொடுத்து, சப்நெட் மாஸ்க்கில் 255.255.255.0 என்று போட்டு, கேட்வேயைக் காலியாக விடலாம். காலியாக விட்டால், வைஃபையில் வரும் இணையமும் தடைபடாது.

இந்தக் குலுக்கல் குணம் லேன் கேபிளில் இயங்கும் ஈதர்நெட் முறைக்குப் பிறவியிலேயே வந்தது. 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் இதை வடிவமைத்தபோது, எல்லாக் கணினிகளும் ஒரே தடித்த கேபிளைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு ஒரே நேரத்தில் பேசி மோதிவிட்டால், இரண்டும் நிறுத்தி, ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி பேசும். ஹவாய்த் தீவுகளின் அலோஹா வானொலி வலையமைப்பிலிருந்து அவர் பெற்ற கருத்து அது. இன்றைய கேபிளில் அந்த மோதல்கள் இல்லை.

கம்பி சேர்ந்த பிறகும் கோப்பு வரவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் ஃபயர்வாலிடம்தான். அடையாளம் தெரியாத இணைப்பை விண்டோஸ் பொது இடம் என்று கருதிக் கதவை மூடிவிடும். அதைத் தனிப்பட்ட வலையமைப்பு என்று மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்க வேண்டும். கடவுச்சொல் கேட்டால் பழைய லேப்டாப்பின் கணக்குக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்கப் பின் செல்லாது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கை வலைவழியே விண்டோஸ் அனுமதிக்காது. லேன் போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப்புக்கு யூஎஸ்பி அடாப்டர் போதும். ஆனால் இரு பக்கமும் தட்டையான பழைய வகை முனை கொண்ட சாதாரண யூஎஸ்பி கேபிளால் இரண்டு லேப்டாப்பை இணைக்கவே கூடாது: இரண்டும் மின்சாரம் தரும் பக்கம், சேதம் வரலாம்.

எல்லாம் மாற்றி முடிந்ததும், பழைய லேப்டாப்பில் பகிர்ந்த கோப்புறையின் பகிர்வை மறக்காமல் நீக்கிவிடுங்கள். நாளை அதே லேப்டாப் வேறொருவர் வீட்டு வைஃபையில் இணையும்.